பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? மெட்டல் ஹாலைடு, டி5, எல்இடி: தேர்வு முதல் பராமரிப்பு வரை

"நாலு அடித் தொட்டி. எத்தனை வாட் போடணும்?" கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். டியூப்லைட் காலத்தில் இதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. எல்லாரும் ஒரே மாதிரிக் குழாயைப் போட்டபோது வாட்டை வைத்து வெளிச்சத்தை ஓரளவு ஊகிக்க முடிந்தது. இன்றைக்கு 150 வாட் எல்இடி ஒன்று பவளத்தைச் சுட்டுவிடும். அதே வாட்டில் இன்னொன்று தொட்டியின் அடியைத் தொடவே தொடாது. ஆகவே வாட்டை ஓரமாக வைத்துவிடலாம். எந்தப் பவளம், தொட்டியின் ஆழமும் அகலமும் எவ்வளவு, வீட்டின் சூடும் கரண்டும் எப்படி என்ற மூன்றும் முடிவான பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். விளக்கு கடைசி முடிவு. அதை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற பவளம் தேடுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் இரண்டாவது விளக்கு வாங்குகிறார்கள்.

வெளிச்சம் எதற்கு என்று முதலில்

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் ஸூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் சர்க்கரைதான் பல பவளங்களுக்குப் பிரதான உணவு. தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட அதிலிருந்து வரும். நாம் விளக்கு போடுவது இந்தப் பாசிகளுக்காக.

வெளிச்சம் கூடக் கூட ஒளிச்சேர்க்கையும் கூடும், ஓர் எல்லை வரை. அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் பயன் இல்லை. இன்னும் கூட்டினால் பாசிக்குள் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகி, பவளம் தற்காப்பாகப் பாசியையே வெளியே தள்ளிவிடும். அதுதான் வெளிறுதல். தண்ணீர் சூடாகும்போதும் நடப்பது இதேதான். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவு வெளிறியது கடல்நீர் சூடானதால். தொட்டியில் சூடும் அதிக வெளிச்சமும் ஒன்றுசேர்ந்தால் இரட்டை அடி; சென்னையில் மே மாதம் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கு: சன் கோரல் என்று விற்கப்படும் டூபாஸ்ட்ரேயாவுக்குப் பெயரில் மட்டும்தான் சூரியன். அதற்குள் பாசி கிடையாது. விளக்கே வேண்டாம், கையால் ஊட்ட வேண்டும்.

கண்ணை நம்ப வேண்டாம், லக்ஸையும் நம்ப வேண்டாம்

லூமென், லக்ஸ் இரண்டும் மனிதக் கண்ணை வைத்து வகுத்த அளவுகள். நம் கண் பகல் வெளிச்சத்தில் சுமார் 555 நானோமீட்டர் பச்சையைத்தான் மிகப் பிரகாசமாகப் பார்க்கும். பாசிகள் அதிகம் உறிஞ்சுவதோ 430 முதல் 480 வரையான நீலத்தை. நீலம் தூக்கலாக வைத்த எல்இடி நமக்கு மங்கலாகத் தெரியும். "வெளிச்சமே பத்தலையே" என்று ஆப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம். பவளம் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். புதிதாக எல்இடி வாங்கியவர்கள் வீட்டில் பவளம் வெளிற முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

இந்தத் துறையில் பேசப்படும் அளவு "பார்": 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. வெப்பமண்டல உச்சி வெயிலில் கடல் மட்டத்தில் இது 2000 அளவுக்கு இருக்கும். நம் தொட்டிக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும்.

படி 1: எந்தப் பவளம்?

மஷ்ரூம், ஸோவாந்திட், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் போதும். மஷ்ரூம் இதிலும் கீழ்ப்பக்கம். 150-இல் வைத்தால் சுருண்டுகொள்ளும். டார்ச், ஹாமர், ஃப்ராக்ஸ்பான், அகன் போன்ற பெரிய பாலிப் (பவளத்தின் வாயும் கொடுக்கிழைகளும் உள்ள தனி உயிர்) கல் பவளங்களுக்கு 75 முதல் 200. அக்ரோபோரா, மாண்டிபோரா, ஸ்டைலோபோரா போன்ற சின்னப் பாலிப் வகைகளுக்கு 200 முதல் 400. ட்ரைடாக்னா சிப்பிகளில் குரோசியா இனம் அக்ரோபோராவுக்கு இணையாக வெளிச்சம் கேட்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. "ராமேஸ்வரம் பக்கத்து பீஸ், சும்மா தர்றேன்" என்று யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலோர் மென்பவளத் தொட்டியோடு நிற்பதற்கு இதுவும் காரணம். அக்ரோபோரா பற்றி இங்கே சொல்வது சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா, கனடா என்று வெளியில் இருப்பவர்களுக்கே அதிகம் பயன்படும்; அங்கும் உள்ளூர் அனுமதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா வகையும் கலந்து வைக்க ஆசையா? மேல்பாறையில் அதிகம் கேட்பவை, நடுவில் டார்ச், ஹாமர், மணலிலும் நிழலிலும் மஷ்ரூம் என்று அடுக்கலாம். ஆனால் விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது அதிக வெளிச்சம் கேட்கும் பவளத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். குறைவாகக் கேட்பவற்றுக்கு நிழலை நாமே அமைத்துக் கொடுத்துவிட முடியும்.

படி 2: தொட்டியின் வடிவம்

இனி ஒரே தொட்டியை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், சுமார் 450 லிட்டர். மணலையும் மேல்மட்ட இடைவெளியையும் கழித்தால் ஒன்றரை அடிச் சொச்சம் ஆழம். இது வசதியான ஆழம். இரண்டரை அடிக்கு மேல் போனால் அடிமட்டத்துக்கு வெளிச்சம் இறக்குவதே பெரிய வேலை.

ஆழத்தைவிட அகலம்தான் பலருக்கும் வினை வைக்கும். சந்தையில் உள்ள ஓர் எல்இடி யூனிட் நல்லபடியாக மூடும் பரப்பு ஏறக்குறைய 2 அடிக்கு 2 அடி. நம் உதாரணத் தொட்டிக்கு இரண்டு கட்டாயம், அக்ரோபோரா என்றால் மூன்று நல்லது. விலைக்குப் பயந்து ஒன்றை நடுவில் தொங்கவிட்டு 100 சதவீதத்தில் ஓட்டினால் நடுவில் பவளம் வெந்துபோகும், இரு முனையும் இருண்டு கிடக்கும். ஒன்றை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டுவது எப்போதும் மேல். சூடு குறையும், விசிறிச் சத்தம் குறையும், நிழலும் இரண்டு பக்கத்திலிருந்து கலைந்துபோகும்.

படி 3: சூடும் கரண்டும்

பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி தண்ணீர் வேண்டும். விளக்கு வாங்கும் பட்ஜெட்டில், தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லரின் விலையையும் சேர்த்தே எண்ணுங்கள். விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை கோவைக்குச் சரி. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது பாதிதான் வேலை செய்யும்.

நம் தொட்டிக்கு மாதக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு 250 வாட் மெட்டல் ஹாலைடும் (சூடாக எரியும் பழைய வகைப் பல்பு) கூடவே இரண்டு 54 வாட் நீலக் குழாயும் 8 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 4.9 யூனிட், மாதம் 146 யூனிட். எட்டு 54 வாட் டி5 குழாய்கள் (மெல்லிய டியூப்லைட்) என்றால் மாதம் 104. மொத்தம் 300 வாட் எல்இடி, 10 மணி நேரத்தில் சராசரி 65 சதவீதத்தில் ஓடினால் 58 யூனிட். பல்புக்கும் குழாய்க்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பல்லாஸ்ட்டின் இழப்பும் சில்லர் ஓட்டமும் இதில் சேரவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கெடுப்பு என்பதால் 146 என்பது பில்லில் 292-ஆக வந்து நிற்கும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் ஸ்லாப் தாண்டுவது விளக்குக்காகவே நடக்கலாம்.

படி 4: மூன்று வகையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

*மெட்டல் ஹாலைடு.* ஒரு காலத்தில் அக்ரோபோரா தொட்டி என்றால் இதுதான். 250 வாட் பல்பு ஒன்று 2 அடிச் சதுரத்தை அடி வரை நிரப்பும். ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் மணலில் ஓடும் அலைக்கோடுகள் அப்படியே கடல்தான். அந்த அழகை இன்னும் எந்த எல்இடியும் முழுசாகப் பிடிக்கவில்லை என்பது என் கட்சி. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் கெல்வின்: 10,000 கெல்வின் பல்பு வெள்ளை, வளர்ச்சி வேகம், 20,000 கெல்வின் நீலம், நிறம் எடுப்பாகத் தெரியும், ஆனால் பார் குறைவு, 14,000 நடுவாந்தரம்.

ஆனால் தண்ணீரைச் சூடேற்றுவதில் இதை அடிக்க ஆளில்லை. இரண்டு முனை பல்பை முன்கண்ணாடி இல்லாமல் எரிக்கவே கூடாது. புற ஊதாக் கதிர் பவளத்தையும் உங்கள் கண்ணையும் கெடுக்கும். நம்மூர் மின்சாரத்துக்கு இன்னொரு தொல்லை: கரண்ட் ஒரு கணம் கண் சிமிட்டினாலும் பல்பு அணைந்துவிடும், ஆறி மறுபடி பற்ற 10, 15 நிமிடம் ஆகும். பல்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவருக்கு, அதுவும் வெப்பமான ஊரில், இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

*டி5.* பார்க்க அலுப்பான விளக்கு, வேலையில் கெட்டி. நீளக் குழாய்கள் தொட்டி முழுக்கப் படர்வதால் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய சமமாக விழும், நிழல் மிகக் குறைவு. கிளை விரித்த அக்ரோபோராவின் அடிப்பக்கமும் நிறத்தோடு இருக்க வேண்டுமென்றால் டி5-தான். 2 அடிக்கு 24 வாட், 3 அடிக்கு 39, 4 அடிக்கு 54 என்று குழாய் நீளம் நிலையானது. வாங்கும்போது ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தகடு வைத்த மலிவு ஃபிட்டிங்கில் பாதி வெளிச்சம் குழாய்களுக்கிடையே சுற்றியே வீணாகிவிடும். விசிறி உள்ளதும் முக்கியம். குழாய் அளவுக்கு மீறிச் சூடானால் வெளிச்சம் குறையும்.

எட்டுக் குழாய்க்கு நல்ல கலவை: நான்கு நீலம், இரண்டு நீலவெள்ளை, ஓர் ஆக்டினிக் (ஊதா கலந்த நீலம்), ஓர் இளஞ்சிவப்பு ஊதா. 9 முதல் 12 மாதத்தில் குழாய்களை மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல, வாரத்துக்கு இரண்டாக. சிக்கல் எங்கே என்றால், குழாய் கிடைப்பது அருகிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதரசம் உள்ள பொது வெளிச்ச டி5 குழாய்கள் புதிதாகச் சந்தைக்கு வருவது 2023 ஆகஸ்டோடு நின்றது. இன்று டி5 வாங்குபவர், அடுத்த ஐந்தாண்டுக்குத் தன் ஊரில் குழாய் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

*எல்இடி.* பவளத் தொட்டிக்கு எல்இடி வந்ததற்கு நீல எல்இடி வந்ததே காரணம். அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று ரேடியான், ஹைட்ரா, கெசில், ரெட் சீ ரீஃப்எல்இடி என்று விலை உயர்ந்தவையும், 'பிளாக் பாக்ஸ்' என்று அழைக்கப்படும் மலிவுச் சீனப் பெட்டிகளும் சந்தையை நிரப்பிவிட்டன. சூடு குறைவு, கரண்ட் மிச்சம், வண்ணம் வண்ணமாகக் கூட்டிக் குறைக்கலாம், விடியலும் அந்தியும் தானாக வரும்.

குறைகள் மூன்று. ஒன்று, புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் விழுவதால் பாறைக்குக் கீழ் கன்னங்கரேல் நிழல். இரண்டு, மலிவுப் பெட்டிகளில் ஒவ்வொரு நிறமும் தனித்தனி லென்ஸிலிருந்து வருவதால் மணலில் சிவப்பும் பச்சையுமாக மேளக் கச்சேரி விளக்குபோல் ஆடும். மேலே வெளிச்சத்தைக் கலந்து பரப்பும் டிஃப்யூசர் தகடு ஒன்று போட்டால் பெருமளவு அடங்கும். மூன்று, 50,000 மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் இருப்பது எல்இடிக்கு மட்டும். நாளுக்கு 10 மணி நேரம் என்றால் 13 ஆண்டுக்கு மேல். ஆனால் அதற்கு வெகு முன்பே உப்புப் படிந்து விசிறியும், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில், எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரும் போய்விடும். உதிரி பாகம் கிடைக்கிற பிராண்டா என்பதை ஆப் வசதிக்கு முன்னால் கேளுங்கள்.

*கலவை.* இரண்டு பக்கமும் டி5 குழாய், நடுவில் எல்இடி. சமமான படர்வும் அலைக்கோடும் இரண்டும் கிடைக்கும். அக்ரோபோராவில் ஊறியவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. மென்பவளக்காரர்களுக்கு வீண் செலவு.

சுருக்கமாக என் தேர்வு: மென்பவளம் என்றால் இரண்டு நடுத்தர எல்இடி, டிஃப்யூசரோடு பிளாக் பாக்ஸ்கூடப் போதும். டார்ச், ஹாமர் கலந்தது என்றால் இரண்டு நல்ல எல்இடி. அக்ரோபோரா காடு என்றால், குழாய் கிடைக்குமானால் கலவை. இல்லையேல் மூன்று எல்இடி.

படி 5: நிறம்

எல்இடிக்குக் கெல்வின் எண்ணைப் பார்க்காதீர்கள்; அது பல்புக்கு உரிய கணக்கு. நானோமீட்டர் கணக்கில் 400–420 ஊதா, 440–460 ராயல் நீலம், 470–480 நீலம் ஆகிய மூன்றும் தாராளமாக இருக்க வேண்டும். வெள்ளை, நம் கண்ணுக்கு இதமாகும் அளவு. சிவப்பும் பச்சையும் 5 சதவீதத்துக்குள் வைத்துத் தொடங்குங்கள். கடலில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே வடிகட்டப்பட்டுவிடும். பவளத்துக்கு அது இல்லாமல் பழக்கம் உண்டு. வேண்டாத பாசி படரும் தொட்டியில் முதலில் இந்த இரண்டையும் இறக்கிப் பார்க்கலாம்.

படி 6: அளந்து பாருங்கள்

பார் மீட்டர் விலை அதிகம். அபோஜி எம்க்யூ-510 தண்ணீருக்குள் அளக்கவென்றே வந்தது, நீருக்கான திருத்தத்தைத் தானே செய்துகொள்ளும். சொந்தமாக வாங்கத் தேவையில்லை. ஊரில் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள், அல்லது ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

அளக்கும் விதம்: கண்ணாடியைத் துடைத்து, மூடி இருந்தால் அதையும் துடைத்து, அலை பம்பை நிறுத்துங்கள். மேலே நீர் குலுங்கினால் எண் நிலைக்காது. தொட்டியை மேலிருந்து பார்த்து நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று என ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள். மணல் மட்டத்தில் ஒன்பது, பாறை உச்சி மட்டத்தில் ஒன்பது, ஆக 18 எண். சென்சாரின் முகம் நேராக மேலே பார்க்க வேண்டும். கை நிழல் விழக் கூடாது. தாளில் எழுதுங்கள். நடுவில் 300, மூலையில் 60 என்று வந்தால் சதவீதத்தைத் தொடாதீர்கள். விளக்கை ஒரு சாண் உயர்த்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நடு இறங்கும், மூலை பெரிதாக மாறாது அல்லது சற்று ஏறும். பிறகுதான் மொத்தத்தைக் கூட்ட வேண்டும்.

படி 7: பழக்குதல், நேரம்

புது விளக்கை 40 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். கடையிலிருந்து வந்த பவளத்தை ஒரு வாரம் மணலில் வைத்து, பிறகு படிப்படியாக மேலே கொண்டுபோங்கள்.

நேரம் 8 முதல் 10 மணி. உச்ச எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நாள் முழுக்கச் சேரும் மொத்தம்தான் கணக்கு. நேராக 200 பாரில் 8 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 5.8 மோல். 3 மணி நேரம் ஏறி, 300-இல் 4 மணி நேரம் நின்று, 3 மணி நேரம் இறங்கினால் 7.6 மோல். மாலையில் பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் காலையில் தாமதமாகத் தொடங்குங்கள், நாளை நீட்டாதீர்கள்.

மின்வெட்டுக்கு விளக்கை இன்வெர்ட்டரில் போட வேண்டியதில்லை. ஓரிரு நாள் இருட்டை ஆரோக்கியமான பவளம் தாங்கும். நீரோட்டமும் ஆக்சிஜனும் நின்றால் மீன்கூடத் தாங்காது. இன்வெர்ட்டர் பம்புக்கு.

படி 8: பவளம் சொல்வதைப் படிப்பது

ஸோவாந்திட் தண்டு நீண்டு எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. அக்ரோபோரா வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பழுப்பாகிறது என்றால் பெரும்பாலும் குறைவு, அல்லது தண்ணீரில் சத்து அதிகம். மேல்பக்கம் மட்டும் வெளுத்து, நிழல்பக்கம் நிறம் குன்றாமல் இருந்தால் வெளிச்சம் அதிகம். எல்லாப் பக்கமும் சீராக வெளுத்தால் விளக்கைத் தொடும் முன் நைட்ரேட், பாஸ்பேட் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யத்தில் கிடக்கும் தொட்டியில் சாதாரண வெளிச்சமே அதிகமாகிவிடும்.

புதியவர்கள் பயப்படும் ஓர் இடம்: தட்டு மாண்டிபோராவின் விளிம்பில் நூல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு, அக்ரோபோராக் கிளையின் நுனியில் வெளிர் நீலம் அல்லது வெள்ளை. இது வளரும் முனை. அங்கே பாசி இன்னும் குடியேறவில்லை, அவ்வளவுதான். இதைப் பார்த்து விளக்கைக் குறைக்க வேண்டாம். வெள்ளை நடுவில் திட்டாக வந்தால்தான் கவலை.

பராமரிப்பு, செகண்ட் ஹேண்ட்

மூடிக் கண்ணாடியில் படியும் உப்பு தினமும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடையுங்கள். ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒழுகிவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டி லைனில், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் உப்புத் தண்ணீரில் கை விடாதீர்கள்.

பழைய விளக்கு வாங்குகிறீர்களா? எல்இடியை எல்லா நிறமும் 100 சதவீதத்தில் அரை மணி ஓட்டச் சொல்லி, ஒரு தாளைக் கீழே பிடித்து எரியாத புள்ளி இருக்கிறதா பாருங்கள், விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். டி5-இல் முனைத் தொப்பியில் துரு, ரிஃப்ளெக்டரில் வெள்ளைப் படிவு. மெட்டல் ஹாலைடில் பல்லாஸ்ட்டுக்கு மட்டும் விலை பேசுங்கள். பழைய பல்புக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆப்பில் ஓடும் எல்இடி என்றால், பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கி, உங்கள் போனில் இணைத்துக் காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.